போர்ட்ஃபோலியோ வெப்சைட் மொபைலில் சரியா தெரியலையா? இதைச் செய்தால் போதும்!

சேலம் செவ்வாய்ப்பேட்டை என்றாலே வெள்ளிக் கொலுசுதான். அங்குள்ள டிசைனர் ஒருவர் தன் கொலுசு மாடல்களை வெப்சைட்டில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரி லிங்கைத் திறப்பதோ செல்போனில். எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் ஆர்டர் கைநழுவிப் போகும்.

ஏன் இப்படி?

வியூபோர்ட் டேக் இல்லாத பக்கத்தை மொபைல் பிரவுசர்கள் பொதுவாக 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதி, மொத்தமாகச் சுருக்கிக் காட்டும்.

என்ன செய்யணும்?

* ஹெட் பகுதியில் வியூபோர்ட் டேக் சேர்க்கணும். பக்கம் போன் திரையின் அகலத்துக்கே அமையும்.

* படங்களின் அதிகபட்ச அகலம் 100%, உயரம் 'ஆட்டோ' என இருக்கணும். கொலுசு படம் திரையைத் தாண்டாது, நசுங்காது.

* மூன்று மூன்றாக நிற்கும் படங்களை, சின்னத் திரையில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரவைக்க மீடியா குவெரி போதும்.

* எழுத்து 16 பிக்சல் இருந்தால் படிக்க எளிது. நம்பரைத் தொட்டதும் கால் போகும்படி லிங்க் கொடுக்கலாம்.

* படங்களின் எம்பி அளவைக் குறைத்து ஏற்றணும். இல்லையென்றால் பக்கம் திறக்கவே நேரமாகும்.

இந்த முறைக்கு 2010-ல் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' எனப் பெயர் வைத்தவர் ஈத்தன் மார்கோட். கூகுளும் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் முதன்மையாகப் படிக்கிறது. அதனால், மொபைலுக்காக நீக்கிய டிசைன் கூகுள் தேடலிலும் வராமல் போகலாம், உஷார்!