ஊழியப் பயிற்சியும் தாய்மொழியும்: வட்டுக்கோட்டையும் பசுமலையும் தரும் பாடம்

திருச்சபையின் ஊழியத்திற்கென்று சிலரைப் பிரித்தெடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்து, ஒழுங்கான பாடத்திட்டத்தின்படி பயிற்றுவிக்கும் முறை தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் முந்நூறு ஆண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றைப் பயிலும்போது ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் நம் முன் எழுந்து நிற்கக் காண்கிறோம். ஊழியர்களுக்கு எம்மொழியில் கல்வி அளிப்பது என்பதே அக்கேள்வி. மேலோட்டமாகப் பார்க்கும்போது இது பயிற்றுமொழி பற்றிய நிர்வாகச் சிக்கலாகத் தோன்றலாம். ஆயினும், கற்ற ஆயர் தம் சபையோடு ஒன்றி நிற்பாரா, அல்லது கற்ற கல்வியினாலேயே அதனின்று விலகிப்போவாரா என்ற கவலை அதனுள் அடங்கியிருக்கிறது. இக்கட்டுரையில், இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த ஒரு காலத்தை நாம் சிறப்பாக ஆராய முற்படுகிறோம். கடல் இடையிட்ட இரு தமிழ் நிலங்களில், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலும் மதுரையை அடுத்த பசுமலையிலும், 1855ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தவை இன்றும் நமக்குப் பாடமாக அமைகின்றன.

தரங்கம்பாடியில் தொடக்கம்

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிக் கற்றார் என்பதை நாம் அறிவோம். தமிழ் ஏடுகளைத் தேடித் திரட்டி, அவற்றிற்கு ஒரு பட்டியலும் எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. மறு ஆண்டாகிய 1716இல், உபதேசிகளையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதற்கென ஒரு பயிற்சிப் பள்ளி தரங்கம்பாடியில் திறக்கப்பட்டது. திருமறை தமிழில் வந்த கையோடு, அதனைப் போதிப்போருக்கான பயிற்சியும் தொடங்கிற்று என்னும் வரிசை நம் கவனத்திற்குரியது. மக்களின் மொழியில் நூல் இருந்தால் மட்டும் போதாது, அதனை மக்களிடையே நின்று விளக்குவோரும் வேண்டும் என்பதை அத்தொடக்க ஊழியர் உணர்ந்திருந்தனர்.

எனினும் உபதேசி நிலையிலிருந்து குருத்துவ நிலைக்குச் செல்லும் வழி நீண்டதாகவே இருந்தது. கடலூரில் பிறந்து, 1718இல் திருமுழுக்குப் பெற்று, உபதேசியாராகப் பணியாற்றிய ஆரோன், 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியருள் சீர்திருத்தத் திருச்சபையின் முதற்குரு இவரே. சீகன்பால்கு வந்திறங்கியதற்கும் இந்நிகழ்ச்சிக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அடுத்தவரான தியோகு குருப்பட்டம் பெற்றது 1741இல். சபைகள் பெருகிய அளவிற்குக் குருமார் பெருகவில்லை. ஊர்ச் சபைகளின் அன்றாட வாழ்வைத் தாங்கியவர்கள் உபதேசியார்களே. அவர்கள் தமிழில் கற்று, தமிழில் போதித்து, தம் மக்களிடையே வாழ்ந்தவர்கள்.

வட்டுக்கோட்டைச் செமினரி

1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வேறொரு நோக்கோடு கல்விப் பணியை அமைத்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் தோன்றிய செமினரிக்கு டானியேல் புவர் முதல் தலைவரானார். ஆங்கிலம், தமிழ் இலக்கியம், வடமொழி, கணிதம், வானியல், இயற்கை அறிவியல், திருமறை ஆகிய அனைத்தும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன. உறைவிடத்தையும் உணவையும் மிஷனே அளித்தது. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்கள் மாணவர்களுக்கு இடப்பட்டன. நெவின்ஸ், கறோல் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெயர்களோடு இணைந்து வழங்கியதற்குக் காரணம் இதுவே. இலங்கையின் குடியேற்றச் செயலராயிருந்த எமர்சன் டென்னன்ட், இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கது என மதிப்பிட்டுள்ளார்.

இக்கல்வி விளைத்த பயன் சிறிதன்று. புவருக்குப் பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம் முதலிய சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். கிறிஸ்தவ செமினரியொன்றில் அயல் சமயத்தின் மூல நூல்கள் இத்துணை ஆழ்ந்து பயிலப்பட்டமை நாம் இன்றும் எண்ணிப் போற்றத்தக்கது. 1841இல் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' என்னும் இதழை இச்செமினரியில் பயின்றோரே ஆசிரியராயிருந்து நடத்தினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இங்கே கற்றவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சிற்குக் கொணர்ந்த முன்னோடியாகத் தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் இன்றும் நினைவுகூர்கிறது.

ஆனால் திருச்சபையின் கண்கொண்டு நோக்கியோர் மனக்குறை அடைந்தனர். செமினரியில் தேறியோருள் பலர் அரசாங்க அலுவல்களையும் பிற தொழில்களையும் நாடிச் சென்றனர். தாமோதரம்பிள்ளை போன்றோர் சைவத்திற்கே திரும்பினர். ஊழியர்களை உருவாக்கும் நோக்கமும் கொண்டு எழுப்பிய நிறுவனம் எழுத்தர்களையும் அலுவலர்களையும் உருவாக்குகின்றதோ என்ற ஐயம் வலுத்தது.

1855ஆம் ஆண்டின் தீர்ப்பு

இந்நிலையில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலரான ரூபஸ் ஆண்டர்சன், தம் உடன்பணியாளர் ஒருவரோடு 1854-55இல் இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே பரப்பும் சபையை நிறுவுவதே அருட்பணியின் இலக்கு என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஊர்ச் சபைகளுக்கு அவ்வவ்வூர் மக்களே ஆயர்களாக வேண்டும், அவர்களுக்குத் தாய்மொழியில் கல்வி போதும், ஆங்கிலக் கல்வியோ அவர்களைச் சபையிலிருந்து பிரித்துவிடும் என அவர் கருதினார். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அதனைத் தொடங்கி வளர்த்த புவரும் அவ்வாண்டிலேயே மானிப்பாயில் காலமானார்.

அதே தீர்ப்பு பசுமலையையும் எட்டியது. மதுரை மிஷனின் செமினரி 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டு, டிரேசி ஐயரின் தலைமையில் இயங்கி வந்தது. தூதுக்குழுவின் வருகைக்குப்பின் அங்கே ஆங்கிலம் விலக்கப்பட்டது. உபதேசியார்களையும் ஆயர்களையும் தமிழிலேயே பயிற்றுவிக்கும் பள்ளியாக அது மாற்றியமைக்கப்பட்டது.

ஆண்டர்சனின் முடிவை எளிதில் குறைகூறிவிட முடியாது. சபை மிஷனரிமாரின் நிழலிலேயே என்றும் நிற்கலாகாது என்று அவர் கண்டதில் தொலைநோக்கு இருந்தது. ஊர்ச் சபைகளைத் தமிழ் ஆயர்களின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டுமென்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது. எனினும் அவருடைய நோயறிதலில் ஒரு பிழை இருந்ததென நாம் கருதுகிறோம். வட்டுக்கோட்டை மாணவர்கள் ஊழியத்தை விட்டகன்றதற்கு ஆங்கிலம் மட்டுமே காரணமன்று. உபதேசியாருக்குக் கிடைத்த ஊதியத்திற்கும் அரசு அலுவலருக்குக் கிடைத்த ஊதியத்திற்கும் இடையே இருந்த இடைவெளியும், உள்ளூர் ஊழியரை மிஷனரியின் கீழ்நிலை உதவியாளராகவே வைத்திருந்த அமைப்பும் காரணங்களே. அந்த அமைப்பைத் திருத்துவதைக் காட்டிலும் பாடத்திட்டத்திலிருந்து ஒரு மொழியை நீக்குவது எளிதாயிருந்தது.

இதனினும் பெரிய இழப்பு மற்றொன்று உண்டு. ஆங்கிலத்தை விலக்கியபோது, அதனோடு சேர்ந்து நின்ற ஆழ்ந்த கல்வியும் விலக்கப்பட்டது. ஹொய்சிங்டன் பயின்ற சித்தாந்தத்தையும் தாமோதரம்பிள்ளை கற்ற இலக்கியத்தையும் கொண்டு தமிழிலேயே ஓர் உயர் இறையியற் கல்வியைக் கட்டியெழுப்ப முனைவோர் அன்று இலர். இவ்வாறு, தமிழ்வழிக் கல்வி என்றால் குறைந்த கல்வி என்ற எண்ணம் திருச்சபையில் வேரூன்றியது. இந்த எண்ணத்தை மக்கள் ஏற்றுக்கொண்டு அமைதியுறவுமில்லை. யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் உயர்கல்வியை மீண்டும் வேண்டி நின்றதன் விளைவாக, 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பசுமலையிலும் 1881இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. ஆயின் இம்முறை உயர்கல்வி ஒருபுறமும் ஊழியப் பயிற்சி மறுபுறமுமாகப் பிரிந்தே நின்றன.

நெல்லைச் சீமையில்

இதே பிளவை நெல்லைச் சீமையிலும் காண்கிறோம். ஜி. யு. போப் ஐயர் 1840களில் சாயர்புரத்தில் நடத்திய எஸ்.பி.ஜி. செமினரியில், பனைமரக் காட்டில் வளர்ந்த இளைஞர்கள் இலத்தீன், எபிரேயம் முதலிய மொழிகளையும் கணிதத்தையும் தத்துவத்தையும் கற்றனர். பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெருந்தமிழறிஞர், தம் மாணவர்களை ஐரோப்பியச் செவ்வியல் மொழிகளின் வழியே குருமாராக்க முயன்றது வியப்பிற்குரியது. அதே காலத்தில் பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். ஊழியரான சார்ஜென்ட், ஊர்ச் சபைகளின் தேவையையே முதன்மையாகக் கொண்டு உபதேசியார்களைப் பயிற்றுவித்துவந்தார். கற்ற குரு ஒருவகை, ஊரோடு ஒட்டிய உபதேசியார் மற்றொருவகை என இரு வகையினர் உருவாயினர். ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை.

பெங்களூரிலிருந்து அரசரடி வரை

இருபதாம் நூற்றாண்டு இப்பிளவை நிறுவன அமைப்பாகவே உறுதிப்படுத்தியது. 1818இல் சீராம்பூர்க் கல்லூரியை நிறுவிய கேரியும் அவர் துணைவர்களும், கீழை இலக்கியத்தையும் மேலை அறிவியலையும் ஒருங்கே கற்பிக்க விழைந்தனர். 1827இல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனத்தினால் பட்டம் வழங்கும் உரிமை அக்கல்லூரிக்குக் கிடைத்தது. ஆயினும் அவ்வுரிமையின்படி இறையியல் பட்டங்கள் வழங்கப்படலான காலத்தில், 1910ஐ அடுத்த ஆண்டுகளில், உயர் இறையியலின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. 1910இல் பெங்களூரில் தோன்றிய ஐக்கிய இறையியற் கல்லூரியும் ஆங்கிலவழியிலேயே கற்பித்தது. அதன் தொடக்ககாலத் தலைவரான லார்சன், தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் முதன்மைப் பங்கேற்ற தமிழறிஞர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அறிஞர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய தமிழ்ப் புலமை வகுப்பறையின் மொழியாக மாறவில்லை.

1930களில் ஸ்டீபன் நீல் தலைமையில் நாசரேத்தை அடுத்த திருமறையூரில் நடைபெற்ற பயிற்சி, தமிழில் ஊழியக் கல்வியைச் செம்மையாக அளிக்க முயன்றது. 1945இல் ரான்சன் இந்தியாவெங்கும் இறையியற் பயிற்சியின் நிலையை ஆய்ந்து எழுதிய நூலும், 1958இல் உருவான இறையியற் கல்வி நிதியமும் வட்டார மொழிக் கல்விக்கும் நூல்களுக்கும் புதிய ஊக்கம் அளித்தன. இவற்றின் தொடர்ச்சியாக, திருமறையூர்க் கல்லூரியும் லுத்தரன் சபையினரின் தமிழ்வழிப் பயிற்சியும் இணைந்து, 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி உருவாயிற்று. சாமுவேல் அமிர்தம் அதன் முதல் முதல்வரானார். பசுமலைக்கு அணித்தேயுள்ள ஓரிடத்தில், தமிழைப் பட்டப் படிப்பின் மொழியாகக் கொண்ட கல்லூரி எழுந்ததை, 1855இல் விடப்பட்ட இழை மீண்டும் கையிலெடுக்கப்பட்டதாக நாம் காணலாம்.

நாம் கற்க வேண்டியது

வட்டுக்கோட்டை ஆழத்தைத் தந்தது. அவ்வாழம் சபைக்கு வெளியே பாய்ந்தது. பசுமலை சபையை நோக்கித் திரும்பியது, ஆனால் ஆழத்தை இழந்தது. ஆங்கிலமா தமிழா என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை இவ்விரண்டுள் ஒன்றையே நாம் தெரிவுசெய்ய நேரிடும். தமிழே ஆழ்ந்த இறையியலைத் தாங்கும் மொழியாக வளர்வதற்கு நாம் உழைக்கிறோமா என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

இக்கேள்விக்கு நாம் முழுமையான விடை தந்துவிட்டோம் எனப் பெருமைகொள்ள இயலாது. தமிழில் எழுதப்பட்ட தேர்வுத்தாளுக்குப் பின்னால் மாணவர் படித்த நூல்களுள் பல இன்னும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலத்தில் படித்ததை வகுப்பில் அரைகுறைத் தமிழாக்கிக் கேட்டு, பிரசங்க பீடத்தில் மேலும் ஒருமுறை தமிழாக்கும்போது, சபை பெறுவது கருத்தின் சக்கையாகிவிடுகிறது. மற்றொரு புறம், ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயின்று வரும் இன்றைய மாணவர் பலருக்குச் செந்தமிழ் உரைநடையே அயல்மொழியாகத் தோன்றுகிறது. உபதேசியாரின் தமிழையும் இழந்து, போப் ஐயரின் மாணவர் கற்ற மூலமொழிகளையும் எட்டாத நிலைக்கு நாம் வந்துவிடுவோமோ என அஞ்சவேண்டியுள்ளது.

எனவே, ஆசிரியராயிருப்போர் தம் விரிவுரைகளை நூல்களாகத் தமிழில் எழுதித் தருவதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். மாணவர் தம் ஆய்வேட்டை, பட்டம் பெறுவதற்கான ஒரு சடங்காக அன்றி, பின்வரும் மாணவர் பயிலத்தக்க ஒரு பக்கமாவது அதில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதவேண்டும். ஊர்ச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள், தம் மக்கள் துன்பத்தையும் நம்பிக்கையையும் எச்சொற்களால் பேசுகின்றனர் எனச் செவிமடுத்துக் குறித்துவைக்க வேண்டும். தமிழ் இறையியலுக்கு வேண்டிய சொற்கள் நூலகத்தில் மட்டுமன்றி வயல்வரப்பிலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் கிடைக்கின்றன. இவற்றோடு, ஊழியரின் ஊதியத்தையும் மதிப்பையும் ஒழுங்குசெய்யாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை என்ற 1855ஆம் ஆண்டின் பாடத்தைத் திருமண்டலங்களும் பேராயங்களும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் அவரவர் பிறந்த மொழியிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டனர். அன்று தூய ஆவியானவர் எம்மொழியையும் தாழ்ந்ததென ஒதுக்கவில்லை. எம்மொழியினருக்கும் சுருக்கிய நற்செய்தியை அளிக்கவுமில்லை. மணலில் விரலால் எழுதித் தொடங்கிய நம் இறையியற் கல்வி அந்த முழுமையை நோக்கி இன்னும் நடக்கவேண்டியுள்ளது. அந்நடையில் நம் தலைமுறையின் பங்கு குறைவுபடாதிருப்பதாக.