கெடுதி வினாதலும் வேட்டுவன் பாத்தியதையும்

தன் அம்பு தைத்துத் தப்பிய விலங்கைத் தேடி வந்தவன்போல் தலைமகன் தினைப்புனத்துள் நுழைந்து, அதனைக் கண்டதுண்டோ என்று தலைவியையும் தோழியையும் வினவுவதைக் கெடுதி வினாதல் என்று அகப்பொருள் மரபு வழங்கும். குறிஞ்சிப்பாட்டில் நாய்களோடு வந்து நிற்கும் தலைவனும் இவ்வாறே வினவுகிறான். இதனை வெறும் வியாஜம் என்று சொல்லி அப்பால் செல்வது எளிது. வியாஜந்தான், ஆயினும், கேட்பவர் நம்பத்தக்க மெய்வழக்கு ஒன்றைப் பற்றி நின்றாலன்றி எந்த வியாஜமும் பலியாது. அவ்வழக்கு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழைய தகடூர் நாட்டைச் சேர்ந்த மொரப்பூர்ப் பக்கத்து நிலத்தை அறிந்தவர்க்கு இதில் மயக்கம் இராது. கிழக்கே தீர்த்தமலை, தெற்கே சித்தேரி மலை. இடையில் முட்புதரும் வறண்ட ஓடையும் சாமை விளையும் கொல்லையும் கலந்து கிடப்பதால், காட்டில் அடிபட்ட மான் பிறர் நிலத்தில் போய் விழுவது இங்கே இயல்பு. நெஞ்சில் அடிபட்ட மான்கூட நூறு கஜம் ஓடியே சாய்வதுண்டு; வயிற்றில் அடிபட்டதோ பல மணி நேரம் உயிரோடு திரியும். நுரை கலந்த செங்குருதி நுரையீரலையும், கறுத்த குருதி கல்லீரலையும், பச்சை இரை கலந்த கசிவு குடலையும் காட்டும் என்பதால், முதல் துளி கிடந்த இடத்தில் குச்சி நட்டுவிட்டு, உடனே துரத்துவதா பொறுத்திருப்பதா என்று நிதானிப்பவனே தேர்ந்த வேட்டுவன். அவசரப்பட்டுத் துரத்தினால், அருகிலேயே படுத்திருக்கக்கூடிய பிராணி மீண்டும் எழுந்து வெகுதூரம் போய்விடும். சில வேளை கொழுப்பும் தோலும் காயத்தை அடைத்துக் குருதி அற்றுப்போகும். அப்பொழுது குளம்படியும், புரண்ட சருகும், புல் நுனியில் அப்பிய கறையுமே சான்று. அவையும் மறைந்தால், வழியில் கண்டவரைக் கேட்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, கலைமான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவியது என்று வன்பரணர் புறநானூற்றில் புகழ்கிறார். அவ்வம்புக்குத் தடம் பார்க்கும் தேவை நேராது. மற்றையோர் அம்புகளுக்கு நேரும் என்பது அப்புகழ்ச்சியில் அடங்கிய உண்மை.

இனி, பிறர் கொல்லையில் நுழைந்து கேட்கும் உரிமை வேட்டுவனுக்கு எங்கிருந்து வந்தது? காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு நிலமும், முதலில் அம்பெய்தவனுக்கு மானும் உரியன என்று மனுஸ்மிருதி ஒன்பதாம் அத்தியாயத்தில் கூறும். மகவு யாருக்குரியது என்ற விசாரணையின் நடுவில் இவ்வுதாரணம் வருவது கவனிக்கத்தக்கது. ரோமாபுரிச் சட்ட நிபுணர் திரெபாத்தியஸ் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்: துரத்திக்கொண்டிருக்கும்வரையே அடிபட்ட விலங்கு எய்தவனுடையது, துரத்தலை விட்டால் பாத்தியதையும் போயிற்று. பிடித்தாலன்றிச் சொந்தமில்லை என்னும் மறுகட்சியை ஜஸ்டினியன் சட்டம் ஏற்றது. ஆயினும் திரெபாத்தியஸின் கொள்கையே நம் துறைக்கு விளக்கம் தருவதாக எனக்குத் தோன்றுகிறது. வினவுதல் என்பது துரத்தல் இன்னும் அறுபடவில்லை என்பதன் அறிவிப்பு. ஆதலின் அவ்வினாவோடு வருபவனை அத்துமீறியவன் என்று புனங்காப்போர் விலக்க முடியாது.

திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல் என்று துறைகள் அடுத்தடுத்து நிற்பதன் நயமும் இதனால் புலப்படும். மெய்யான வேட்டுவன் தான் தொட்ட ஒரு தடத்தை விடமாட்டான். யானையைக் கேட்டவன் உடனே கலைமானைக் கேட்பதும், பின் ஊருக்கு வழி கேட்பதும், அவன் எதையும் எய்து வரவில்லை என்பதற்கு அவனே தரும் வாக்குமூலம். தோழியின் கூர்மையைச் சிறப்பிப்போர் தலைவன் செய்யும் இப்பிழையையும் சற்றுக் கவனிக்கலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பாத்தியதையை அடியோடு மாற்றிவிட்டது. வேட்டையாடப்பட்ட விலங்கு 39-ஆம் பிரிவின்படி மாநில அரசின் உடைமை. அது கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். ஆகவே இன்று மொரப்பூர்க் கொல்லை ஒன்றில் புகுந்து, தான் எய்த மானைக் கண்டீர்களோ என்று கேட்கும் தலைமகன், காதலை மறைப்பதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாவான்.