சிரட்டைக்கும் ஒரு சரித்திரம்

எலுவன்குளத்திலிருந்து விடுதிக்கு வந்து படித்த எங்களுக்குச் சிரட்டை என்றால் அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும்தான். ஞாயிறு மாலை சீருடையை அழுத்தச் சிரட்டைக் கரி மூட்டிக் கண் கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதே சிரட்டையைக் கைப்பணிப் பாடத்தில் கண்ணாடித் துண்டால் சுரண்டி, அரத்தாள் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி அகப்பையாக்கினோம். கண்ணுள்ள பாதியை எடுத்தவர்களின் அகப்பை ஒழுகியது. ஆசிரியை சிரித்துக்கொண்டே வேறு சிரட்டை தேடி வரச் சொன்னார்.

மேற்படிப்புக்கு லண்டன் போன எங்களில் சிலர், விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிரட்டையைக் கண்டு திகைத்து நின்றோம். ஐரோப்பாவில் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் தேங்காய் அரிய பொருள். சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள ஓட்டில் வேதாகமக் காட்சிகளைச் செதுக்கி, பொன்முலாம் பூசிய வெள்ளிப் பூண் கட்டிக் கிண்ணமாக்கினார்கள். அதில் ஊற்றிய பானத்தின் நஞ்சு முறியும் என்றும் நம்பினார்கள். பிற்காலத்தில் மாலுமிகளும் கைதிகளும் செதுக்கியவை என்று சொல்லப்படும் வெடிமருந்துக் குடுவைகளில், தேங்காயின் கண்கள் கொண்டே மனித முகம் அமைந்திருக்கும். இன்று இவை ஏலத்தில் போகின்றன.

நஞ்சு முறியும் என்ற நம்பிக்கையை வைத்தியர்களாகிய நாங்கள் முழுக்கச் சிரித்துத் தள்ள முடியாது. கிண்ணம் நஞ்சை முறிக்காது; ஆனால் எரித்துப் பதப்படுத்திய சிரட்டைக் கரி நஞ்சை உறிஞ்சும். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளில் அதை அடைத்தார்கள். எங்கள் மாவட்டத்து மாதம்பையில் அந்தக் கரி இன்றும் ஏற்றுமதிக்காகத் தயாராகிறது. நஞ்சருந்தி வருபவருக்கு நாங்கள் கொடுப்பதும் உயிர்ப்பூட்டிய கரியே. அதற்கும் எல்லை உண்டு: இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில், கரியைக் கொடுத்ததால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் நாட்டிலும் கலைச் சிரட்டை உண்டு. கண்டி இராச்சியத்தில் 'கினிஸ்ஸ' என்னும் நீரள்ளும் கரண்டியைச் சிரட்டையில் செய்து, அழகிய கைப்பிடி பூட்டினார்கள். சேகரிப்பாளர்கள் அதையும் தேடுகிறார்கள்.

அந்தப் பெட்டியின் முன் நின்றபோது எங்களை உறுத்தியது வேறொன்று. ஐரோப்பியக் கிண்ணத்தின் வெள்ளியில் தட்டாரின் முத்திரை இருப்பதுண்டு. அதைக் கொண்டு ஊரையும் ஆண்டையும் சொல்லிவிடுவார்கள். ஓட்டைச் செதுக்கியவருக்கு முத்திரை இல்லை, அதனால் பெயரும் இல்லை. கினிஸ்ஸவைச் செய்தவருக்கும் அதே கதிதான்.

ஆசிரியை எங்களிடம் ஆணியைச் சூடாக்கித் தரச் சொல்லி, ஒவ்வொரு அகப்பையின் அடியிலும் முதலெழுத்தைச் சுடவைத்தார். புள்ளி போட வசதிக்காக என்றுதான் அன்று நினைத்தோம். நூற்றாண்டுக் கண்காட்சிக்காகப் பழைய அலுமாரியைத் திறந்தபோது ஏழு அகப்பைகள் கிடைத்தன. ஐந்தின் சொந்தக்காரிகளைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டிலும் உள்ள எழுத்துகள் 'ப', 'ஜெ'. உங்களுடையதானால் சங்கத்துக்கு எழுதுங்கள்.