ஜீன் என்ற சொல் பிறந்த கதை

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் எதிரே அண்ணன் பேரன் உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்பு. கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம். பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் குழைத்துக்கொண்டே, "நம்ம பரம்பரையில யாருக்குய்யா கணக்கு வந்துச்சு? ஜீன்லயே கிடையாது, விடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. எனக்கும் பாயசம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய தாவரவியல் புத்தகங்களைப் புரட்டினேன். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் வில்ஹெல்ம் ஜோஹான்சன், டென்மார்க்காரர். 1857-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதியில்லை. மருந்துக் கடையில் தொழில் பழகப் போனார். பிறகு கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பட்டம் வாங்காத இந்த மனிதர் கடைசியில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார்.

சொல்லின் வேர் இன்னும் பின்னால் போகிறது. உடம்பின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நுண்துகள்கள் கிளம்பிப் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன என்று டார்வின் 1868-ல் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு 'பான்ஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தார். கருத்து தவறு. ஆனால் பெயர் தங்கிவிட்டது. 1889-ல் ஹாலந்தின் ஹ்யூகோ டி விரிஸ் அதிலிருந்து 'பான்ஜென்' என்ற சொல்லை எடுத்தார். 1909-ல் ஜோஹான்சன் தமது ஜெர்மன் நூலில் தலைப்பக்கத்து 'பான்' என்பதை வெட்டிவிட்டு, 'ஜென்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் ஆங்கிலத்தில் ஜீன். வேடிக்கை என்னவென்றால் 'ஜெனிடிக்ஸ்' இதற்கு மூத்தது. இங்கிலாந்தின் பேட்சன் 1905-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். பிள்ளைக்கு முன்னால் பிள்ளையைப் பற்றிய சாஸ்திரம் பிறந்துவிட்டது!

வெறும் பெயர் சூட்டியதோடு ஜோஹான்சன் நிற்கவில்லை. அவர் நிறுத்துப் பார்த்தது அவரை இனத்தைச் சேர்ந்த பீன்ஸ் விதைகளை. எங்கள் அம்மா விதைக்கென்று அவரையில் பருத்த கொட்டையாகத்தான் பொறுக்குவாள். பல செடிகளின் விதை கலந்து கிடக்கும்போது அது சரியான வேலைதான். பெரிய விதையின் வாரிசு சராசரியில் கொஞ்சம் பெரிதாகவே வரும். ஆனால் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரே செடியின் வம்சத்தை மட்டும் தனியே பிரித்து ஜோஹான்சன் வளர்த்தார். அதில் பெரிய விதையைப் போட்டாலும் சின்ன விதையைப் போட்டாலும் பிள்ளைச் செடிகளின் விதை எடை சராசரியில் ஒன்றாகவே வந்தது. அப்படியானால் பெரிதும் சிறிதும் எப்படி வந்தன? மண், தண்ணீர், வெயில், காய்க்குள் விதை இருந்த இடம். ஆகவே கண்ணுக்குத் தெரிவதற்கு பீனோடைப் என்றும், உள்ளே கிடப்பதற்கு ஜீனோடைப் என்றும் இரண்டு பெயர்கள் வைத்தார். வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்காதே என்பதற்காகவே பிறந்த சொல் குடும்பம் இது. பந்தியில் நடந்தது அதற்கு நேர் எதிர்.

இன்னொன்று. ஜீன் என்பது இன்ன பொருள், இன்ன துகள் என்று ஜோஹான்சன் சொல்ல மறுத்தார். கணக்குப் பார்க்க வசதியான ஒரு சொல், அவ்வளவே. தமிழில் நாம் 'மரபணு' என்று அணுவையே சேர்த்துவிட்டோம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் காதுக்கு நன்றாக இருக்கிறது. 'மரபியல்' என்ற பெயரோ தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு உரியது. குட்டி, கன்று, குருளை, பறழ் என்று எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என அதில் சொல்லியிருக்கிறது. பொருத்தமாகத்தான் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பையனுக்குப் போன் போட்டு, பீன்ஸ் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி தாத்தா, அப்ப ஜீன்ஸ் பேண்ட்?" என்றான்.

அது இத்தாலியின் ஜெனோவா நகரத்துத் துணிப் பெயர்டா, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். சிரித்தான்.