பள்ளி இயற்கணிதம்

தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தைச் சூட்டி, தெரிந்த அளவுகளோடு அதற்குள்ள உறவை எழுதி, அதன் மதிப்பைக் கண்டுபிடிக்கும் கணிதப் பிரிவு இயற்கணிதம். கணக்கோடு பிணங்காத பிள்ளையும் இந்தப் பாடத்தில் பிணங்குவதுண்டு. தப்பு முழுவதும் பிள்ளைமேல் இல்லை. இது பெரியவர்களுக்காகப் பிறந்து, பிந்திப் பள்ளிக்கூடம் வந்த கலை.

பாக்தாதில் கலீபா அல்-மாமூன் ஆட்சியில், 820-ஐ ஒட்டிக் கணிதர் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூல் வாரிசுச் சொத்தைப் பங்கிடுவோருக்கும் வணிகருக்கும் நிலம் அளப்போருக்கும் உரியது. அதில் ஒரு குறியீடுகூடக் கிடையாது. சமன்பாடுகள் முழுக்கச் சொற்களிலேயே நடக்கின்றன. எதிர்ம எண்ணை அவர் ஏற்காததால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அவருக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்பே, 628-இல், இந்தியாவின் பிரம்மகுப்தர் நேர்ம எண்ணைச் செல்வம் என்றும் எதிர்ம எண்ணைக் கடன் என்றும் கொண்டு விதி வகுத்துவிட்டார். தெரியாத அளவுகள் பல வந்தால் இந்தியக் கணிதர்கள் கறுப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயரைச் சூட்டினார்கள்.

சமக்குறி 1557-இல்தான் வந்தது. அதை அச்சேற்றியவர் வேல்சில் பிறந்த மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட். தெரியாததற்கு எக்ஸ், ஒய் எழுதும் வழக்கம் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலால் நிலைத்தது. அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேடிச் சேர்த்த குறிகளை இன்றைய மாணவர் முதல் சில பாடவேளைகளிலேயே கையாள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு 1820-இல் சேர்க்கைக்கு இயற்கணிதத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் அங்கே அது 'அல்ஜீப்ரா 1' என்ற தனிப் பாடமாகி, உயர்கணிதத்துக்கும் கல்லூரிக்கும் வாசலாக நின்றது. அந்த வாசலில் தடுக்கப்பட்டவர்களில் கறுப்பின, ஏழைப் பிள்ளைகள் மிகுதி. 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பினத்தாரை வாக்காளராகப் பதியச் செய்யப் போராடிய பாப் மோசஸ், இதையும் குடியுரிமைப் பிரச்சினையாகவே கண்டார். 1982-இல் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில், மகள் படித்த பள்ளியில் அவர் தொடங்கிய வேலை 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' ஆக வளர்ந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாஸ்டன் வட்டாரச் சுரங்க ரயிலில் ஏற்றினார்கள். ஒரு நிலையத்தைத் தொடக்கமாக வைத்தால் ஒரு திசை நேர்மம், மறு திசை எதிர்மம். பயணத்தைப் படமாக வரைந்து, தம் பேச்சில் விவரித்து, பிறகு ஒழுங்கான மொழியில் சொன்னார்கள். குறியீடு கடைசியில்தான் வந்தது. வரலாறு நடந்த வரிசையும் அதுதான்.

பிள்ளைகளை இயற்கணிதத்துக்குத் தயார்படுத்துவது எங்கே சறுக்குகிறது என்பதை 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் வர வேண்டியது 7. ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். ரெக்கார்ட் இருபுறமும் சமம் என்று காட்டப் போட்ட குறி, அவர்களுக்கு 'விடையை எழுது' என்ற கட்டளையாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் 3 + 4 = என்றே போட்டுப் பழகினால் வேறென்ன ஆகும்? எட்டாம் வகுப்பில் திடீரென்று இதைத் திருத்த முடியாது.

இயற்கணிதத்தை எந்த வகுப்பில் தொடங்குவது என்பதில் அமெரிக்காவில் சண்டை ஓயவில்லை. சான் பிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது; 2024 மார்ச்சில் வாக்காளர்கள் அதை எட்டுக்கே திரும்பக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அது தனிப் பாடமாகப் பிரிக்கப்படவில்லை. ஆறாம் வகுப்பில் எண், வடிவ அமைப்புகளோடு தொடங்கி, பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வரை எல்லாருக்கும் பொதுவாகக் கணிதப் புத்தகத்துக்குள்ளேயே வருகிறது.