ஏரி வாரியத்துல யாருக்கு சீட்? உத்திரமேரூர் டு மணிமங்கலம்

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்துல நின்னு கீழே பார்த்தா அடையாறு. 2015 டிசம்பர்ல அந்தத் தண்ணி கரையோர வீடுகளுக்குள்ள வந்தப்போ எல்லார் வாயிலயும் ஒரே பேர், செம்பரம்பாக்கம். அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க, உண்மைதான். ஆனா ஆதனூர், மணிமங்கலம்னு மேல இருக்கிற பாசன ஏரிகள் நிரம்பி வழிஞ்சாலும் அந்த உபரித் தண்ணி இந்தப் பாலத்துக்கு அடியிலதான் வந்தாகணும். அந்த ஏரிகளைப் பத்தி முடிவெடுக்கிறது யாரு? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

பழைய பதில் ஒண்ணு உத்திரமேரூர் கல்வெட்டுல இருக்கு. குடவோலைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். 'உலகத்துலயே முதல் தேர்தல்'னு வர்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டை விடுங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின இந்தக் கல்வெட்டுகள்ல என்னை இழுத்தது ஏரி வாரியம். ஊரை 30 குடும்பா, அதாவது வார்டா பிரிச்சு, ஓலைச்சீட்டு எடுத்து ஆள் தேர்ந்தெடுத்தாங்க. அதுல 6 பேர் ஏரிக்குன்னே தனியா. பதவிக்காலம் 360 நாள். கணக்கு காட்டாம போனவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கிய சொந்தக்காரங்களும் மறுபடி உள்ள வர முடியாது. இன்னைக்கு இருக்கிற எந்த ஆடிட் ரூலை விடவும் இது கறார்.

ஆனா அந்தக் குடத்துக்குள்ள யார் பேர் போகும்? வரி கட்டுற கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். மதகைத் திறந்து மூடினவங்க, கரை உடைஞ்சா ராத்திரியில மண் சுமந்தவங்க பேர் அதுல இல்லை. இதைச் சொல்லாம குடவோலையைக் கொண்டாடுறது எனக்கு ஒப்பல.

பிரிட்டிஷ் ஆட்சியில பொதுப்பணித்துறை வந்தது. ஊர்க்காரங்க சேர்ந்து செய்த குடிமராமத்து தளர ஆரம்பிச்சதும், 1858ல மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டாங்க. முடிவு அதிகாரி கையில, மண்வெட்டி மட்டும் விவசாயி கையில.

அப்புறம் ஒரு பெரிய ஜம்ப். 2000-ல தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறைகள் மேலாண்மைச் சட்டம். ஆயக்கட்டுல நிலம் வெச்சிருக்கிறவங்க ஓட்டுப் போட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். 2017 மார்ச்ல அரசு குடிமராமத்தை 100 கோடி ரூபாயில மறுபடி கொண்டுவந்தது. தொடக்க விழா நடந்த இடம் நம்ம மணிமங்கலம் ஏரி. வேலையை ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமே எடுத்துச் செய்யலாம், செலவுல 10 சதவீதம் அவங்க பங்கு.

விவசாயி உள்ள இருந்தா என்ன மாறும்? தூர் வாரும்போது மதகோட அடிமட்டத்துக்குக் கீழ தோண்டினா, அந்தத் தண்ணி வயலுக்குத் தானா பாயாது. கரையை ஒட்டித் தோண்டினா கரையே பலவீனமாகும். வரத்துக்கால்வாயை விட்டுட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்தினா நிரப்பத் தண்ணி எங்க இருந்து வரும்? மண்ணை லோடு கணக்குல பார்க்கிறவருக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அறுவடை வரைக்கும் அதே ஏரியை நம்பி இருக்கிறவர் விடமாட்டார்.

சிக்கல் இனிமேதான். ஓட்டு நிலத்தோட ஒட்டினது. தாம்பரம் தாண்டி வயல் ப்ளாட்டா மாறும்போது, வித்தவர் ஆயக்கட்டை விட்டுப் போயிடுறார், வாங்கினவர் பாசனமே பண்ணல. சங்கம் சுருங்கும், ஏரி அங்கேயேதான் இருக்கும். டிசம்பர்ல மிச்சமிருக்கிற விவசாயிக்கு ஏரி கலங்கல் வரைக்கும் தளும்பணும், கோடைக்கு அதான் கையிருப்பு. ஏரி உள்வாயை ஒட்டி வீடு கட்டினவருக்கு உடனே வடிஞ்சாகணும். சைதாப்பேட்டைக்காரங்களுக்கு அது மெதுவா, பல நாள்ல வரணும். 2000-ஆம் வருஷச் சட்டத்துல முதல் ஆளுக்கு மட்டும்தான் சீட்.