மெக்கன்சி சாலையும் ஓமின் விதியும்

சிங்கப்பூரின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் முதன்முதலாக ஏற்றப்பட்டது 1864ஆம் ஆண்டு மே 24ஆம் நாளாகும். ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1906ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள், ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. அவ்வொளிக்கு வேண்டிய மின்சாரத்தை நகராட்சி தானே உண்டாக்கவில்லை. 1905இல் மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கிய நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் மின் நிலையம் மெக்கன்சி சாலையில் இருந்தது. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியின் விளிம்பில், தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள சாலை அது.

புகை கக்கும் மின் நிலையத்தை மக்கள் நெருங்கி வாழும் இடத்தருகே அமைப்பானேன்? அக்காலத்து நகரங்கள் பலவற்றின் மின் நிலையங்களும் அவ்வாறே அமைந்திருந்தன. இவ்வினாவிற்கு விடை காண, அதற்கும் எண்பது ஆண்டுகள் முன்னோக்கிச் சென்று ஓர் ஆசிரியரின் ஆய்வறையில் நுழைதல் வேண்டும்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789இல் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனான இவர், கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்து வந்தார். ஓய்ந்த நேரங்களில், தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு, கம்பியின் நீளம் மாறினால் அதில் ஓடும் மின்சாரம் எவ்வாறு மாறுகிறது என ஆராய்ந்தார். அந்நாளைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமல் ஆய்வைக் குலைத்தது. ஆகவே செம்பையும் பிஸ்மத் என்னும் உலோகத்தையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்றார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது.

1827இல் அவர் வெளியிட்ட நூலைத் தாய்நாடு வரவேற்கவில்லை. எள்ளி நகையாடியோரும் உளர். மனம் நொந்த ஓம் ஆசிரியப் பணியைத் துறந்தார். 1833இல்தான் நூரம்பெர்க்கில் மீண்டும் நிலையான பணி கிட்டியது. இலண்டன் அரசக் கழகம் 1841இல் கோப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் பெருமை பரவியது. 1852இல் மியூனிக்கில் பேராசிரியர் ஆனார், 1854இல் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

ஓமுக்குப் பதக்கம் கிடைத்த அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜூல் மற்றோர் உண்மையை வெளியிட்டார். கம்பியில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப மிகும் என்பதே அது. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் மின்திறன் வாட் அளவில் கிடைக்கும். இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்கின் மெக்கன்சி சாலையின் புதிர் அவிழும்.

23,000 வாட் திறனை அரை ஓம் தடையுள்ள கம்பி வழியே அனுப்புவதாகக் கொள்வோம். அழுத்தம் 230 வோல்ட் எனில் ஓட்டம் 100 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாவது நூற்றின் இருமடியை அரையால் பெருக்கிய 5,000 வாட். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கி 2,300 வோல்ட் ஆக்கினால் ஓட்டம் 10 ஆம்பியராகக் குறையும். இழப்போ வெறும் 50 வாட். குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் நெடுந்தொலைவு செல்ல இயலாது. எனவே மின் நிலையம் பயனீட்டாளரின் அருகே இருந்தாக வேண்டும். அழுத்தத்தை உயர்த்தும் வழி கைகூடிய பின்னர் அந்நெருக்கடி நீங்கியது.

சிங்கப்பூர் நகராட்சியின் முதல் மின் நிலையம் செயின்ட் ஜேம்சில், துறைமுகத்தை ஒட்டி, 1927இல் இயங்கத் தொடங்கியது. டிராம் வண்டிகள் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். இன்று தீவின் வடக்கே செனோக்கோவிலும் மேற்கே துவாசிலும் பிறக்கும் மின்சாரம் 4,00,000 வோல்ட் வரையிலான அழுத்தத்தில் பயணம் செய்து, படிப்படியாகத் தணிந்து, 230 வோல்ட்டாக வீடுகளை அடைகிறது. சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியலங்காரமும் இவ்வழி வந்ததே.

இவ்விதிகள் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. இந்நாட்டு வீடுகளின் மின்செருகி 13 ஆம்பியரைத் தாங்குவது. 230ஆல் பெருக்கினால் 2,990 வாட். 2,300 வாட் நீர்க்கொதி கலமும் 1,500 வாட் அடுப்பும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் இணைந்தால் ஓட்டம் 16 ஆம்பியரைக் கடக்கும். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை உணர்ந்த மாணவன், தன் வீட்டைத் தீயினின்றும் காப்பான்.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்று சொற்களும் தம் பொருளைத் தாமே விளக்கி நிற்கின்றன. அழுத்தம் தள்ளுகிறது, ஓட்டம் செல்கிறது, தடை மறிக்கிறது. வாய்பாட்டை அறியாத சிறுவனும் இச்சொற்களைக் கேட்ட அளவிலேயே விதியின் பாதியை உணர்வான். தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன்பின் இந்நாட்டுத் தமிழ் மாணவர் அறிவியலை ஆங்கிலத்திலேயே பயில்கின்றனர். அது காலத்தின் போக்கு. எனினும் தமிழ் வகுப்பின் கட்டுரைப் பயிற்சியிலேனும் இச்சொற்கள் வழங்கப்பெறுதல் வேண்டும். வழங்காத சொல் அகராதியில் உறங்கும். நாளடைவில் அச்சொல்லால் சிந்திப்போரும் அருகிப் போவர்.

ஏளனத்துக்கு ஆளான ஒரு பள்ளி ஆசிரியரின் முடிவு இன்று உலகெங்கும் விளக்கேற்றுகிறது. கம்பியைப் போலவே கல்விக்கும் தடைகள் உண்டு. அவற்றை அளந்தறிந்தவரே கடக்கும் வழியையும் காண்பர்.